கதவுக் கீலில் பிறந்த பாலம்

கொல்லிமலை முகாம் பங்களாவில் நான் குமாஸ்தா. ஓடைக்குப் பாலம் கட்ட வந்த ஓவர்சியர், கஞ்சி மொடமொடக்கும் காக்கிச் சட்டைக்காரர், மழைக்காலம் முழுக்கத் தகரத்தில் பொம்மைப் பாலம் செய்துகொண்டிருந்தார். துரை பார்த்து மெச்ச வேண்டுமாம்! தகடு மடிக்க வாசற்கதவின் கீல்களையே கழற்றி, இரண்டு இரும்புப் பட்டைகளை அவற்றால் பிணைத்துக்கொண்டார். தகட்டை வைத்து ஒரு பட்டையைத் தூக்கினால் மடிப்பு விழும். கதவில்லாமல் நாங்கள் குளிரில் நடுங்கினோம்.

ஒருநாள் வளப்பூர் நாட்டு விவசாயி ஒருவர் சொட்டச் சொட்ட வந்து நின்றார். அவருடைய மிளகு மூட்டை ஓடை வெள்ளத்தில் போய்விட்டது.

“ஏனுங்க சாமி, பாலம் எப்பங்க வரும்?”

ஓவர்சியர் பொம்மையைக் காட்டினார். “முடியப்போகுது. ஈரக் கையால தொடாதே, துருப்பிடிச்சிரும்.”

அந்த மடிப்புகளில் ஒரு கோணல்கூட இல்லை. அப்படியொரு கை அந்த ஆளுக்குப் போய் வாய்த்ததே என்றுதான் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.