வேலிக்குள் கிடந்த பாலம்

தொண்ணூற்றைந்து வாக்கில், நான் கோவையில் புவியியல் படித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். எங்கள் தெருவிலிருந்து பஸ் ரோட்டுக்குப் போக, தோட்டங்களுக்கு நடுவே ஓர் இட்டேரிதான் வழி. ஒருநாள் பக்கத்துத் தோட்டக்காரர் அதை மறித்துக் கம்பி வேலி போட்டுவிட்டார். கேட்டால், "இங்க ஏது தடம்? நான் பாவம் பாத்து உட்ட வழி அது" என்று ஒரே போடாகப் போட்டார். பிரசவ வலியில் துடித்த அக்காவைக் கட்டிலில் வைத்து ஊரையே சுற்றித் தூக்கிப்போன அன்று எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே!

அடுத்த வாரம் வகுப்பில் வெள்ளைக்காரன் காலத்து நில வரைபடங்களை விரித்தார்கள். பாடத்தை யார் கவனித்தது? எங்கள் ஊரைத்தான் தேடினேன். பழுப்பேறிய தாளில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு இருந்தது. அங்கிருந்து ரோடு வரை புள்ளிக்கோடாக இட்டேரி! அது ஓடையைத் தாண்டும் வளைவில் பாலத்துக்கான குறி.

"இருக்குதுங்க மேடம்!" என்று கத்தியே விட்டேன். வகுப்பே சிரித்தது. சிரிக்கட்டுமே.

அதை அப்படியே வரைந்துகொண்டு, கூலி வேலைக்குப் போகும் அம்மாவோடு தாலுகா ஆபீசில் போய் நின்றேன். "மேப்புல கோடு இருந்தா மட்டும் போதாதும்மா" என்றார் அதிகாரி. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அம்மா அசரவில்லை.

"கோட்ட உடுங்க சாமி. பாலம் இருக்குதாமா. நேர்ல வந்து பாருங்க."

வந்தார். ஓடை தூர்ந்து முள் மண்டிக் கிடந்தது. தெருப் பெண்கள் வெட்ட வெட்ட வெறும் மண். தோட்டக்காரர் மீசைக்குள் சிரித்தார். மறுபடி படத்தைப் பார்த்தேன். அடடா, குறி வளைவுக்கு அந்தப் பக்கம் இருக்க, இந்தப் பக்கமல்லவா தோண்டுகிறோம்!

அந்தப் பக்கம் போட்ட நாலாவது வெட்டிலேயே மண்வெட்டி கல்லில் மோதியது. கொஞ்ச நேரத்தில் முழுப் பாலமும் தெரிந்தது. மேல்கல்லில் வண்டிச் சக்கரம் தேய்ந்த தடம்கூட அழியவில்லை.

"ஏனுங்க, தடமே இல்லாத எடத்துல பாலத்த எதுக்குங்க கட்டுனாங்க?" என்றார் அம்மா.

அதிகாரியின் உத்தரவில் வேலி அன்று சாயங்காலமே கழன்றது. அக்காதான் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு முதலில் நடந்தாள். பின்னால் வந்த பெண்கள் போட்ட குலவையில் என் காதே அடைத்துப்போனது.

இன்றைக்கும் யாராவது 'அப்படி ஒன்று இருந்ததே இல்லை' என்று அடித்துப் பேசினால், நான் வாயைக் கொடுப்பதில்லை. எங்கே தோண்டலாம் என்றுதான் பார்க்கிறேன்.