ஒன்றரை அடி தள்ளி அடித்த முளை

கொத்தனாரைத் தேவாலயச் சபையில், சுவர் மட்டம் பார்க்கும் கருவியின் பெயரால், ரசமட்டம் என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் பெஞ்சின் காலுக்கடியில் ஓட்டுத்துண்டு செருகி, ஆட்டம் நின்றதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அவர் எழுப்பிய சுவரில் கோணல் கண்டவர் இல்லை. புதிய கோயிலுக்கு அஸ்திவாரக் கோடு போடும் வேலை, கேட்காமலே அவரைத் தேடி வந்தது.

வந்த நாள் முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பின்சுவரின் ஒரு மூலை மதிலோரம் விழுகிறது. அங்கேதான் அவருடைய மகன் கிடக்கிறான். பிறந்த அன்றே கண்மூடிய பிள்ளை. ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று அந்தக் காலத்துப் போதகர் சொல்லிவிட்டார். மதிலோரம் புதைத்துக்கொள்ளலாம், கல் வைக்கக் கூடாது, வெளியில் பேசவும் கூடாது. புருஷனும் பெண்சாதியும் பேசவில்லை. பிறகு அவர்களுக்குப் பிள்ளையும் இல்லை.

கோடு போடப் புறப்பட்டவரை மனைவி வாசலில் மறித்தாள்.

"நூல் பிடிக்கிறது நீங்கதானே? கொஞ்சம் தள்ளிப் பிடிச்சா யாருக்குத் தெரியப்போகுது?"

"கோணலாயிடும்டி."

"ஆகட்டுமே. ஊரு வீட்டையெல்லாம் நேரா கட்டிக் குடுத்தீங்க. பெத்த புள்ளைக்கு ஒரு கோணல் பண்ண மாட்டீங்களா?"

முன்பக்கம் தெரு முட்டுவதால் கட்டடத்தை மொத்தமாக நகர்த்த வழியில்லை. அந்த ஒரு மூலை முளையை மட்டும் ஒன்றரை அடி உள்ளே தள்ளி அடித்து, நூல் கட்டிச் சுண்ணாம்புக் கோடு இழுத்தார். தான் போட்ட கோட்டைத் திரும்பிப் பார்க்க அவருக்கே கூசியது.

மறுநாள் விழா. பந்தல், ஒலிபெருக்கி, வெள்ளை உடுத்திய பாடகர் குழு. பேராயர் மேடையில் அமர்ந்திருந்தார். செயலாளரின் மருமகன் இன்ஜினியர். சும்மா நிற்பானேன் என்று டேப்பை எடுத்து மூலைக்கு மூலை இழுத்தான்.

"குறுக்களவு ரெண்டும் ஒத்துவரலையே, மாமா!"

"ரசமட்டமே சாஞ்சிடுச்சுடோய்!" என்றார் பாடகர் குழுத் தலைவர். "மொதல்ல கண்ணாடிய மாத்துங்க அண்ணே!"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார். முளை பழையபடி மதிலோரம் போயிற்று.

அதற்குமேல் தாங்காமல் போதகரைப் பந்தலுக்குப் பின்னால் அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னார். போதகர் இளைஞர், இளகிய மனசுக்காரர்.

"அந்தச் சட்டமெல்லாம் எப்பவோ எடுத்தாச்சே ஐயா! சொல்லியிருந்தா என்னைக்கோ கல்லறைத் தோட்டத்துக்கு மாத்தியிருக்கலாமே."

"எடுத்துட்டாங்கன்னு எங்களுக்கு யாரும் சொல்லலையே."

போதகர் மதிலோர மூலையை எட்டிப் பார்த்தார். கடைசியில், "அந்த மூலையை நீங்களே தோண்டுங்க. கெடைச்சா இன்னைக்கே ஜெபம் பண்ணி அடக்கம் பண்ணிடலாம்" என்றார்.

முதல் மண்ணை ஆளுக்கொரு கூடை சுமப்பது என்று சபையார் முடிவு செய்திருந்தார்கள். வாசலில் மழைத் தண்ணீர் நிற்கும் பள்ளத்துக்கு அந்த மண். கைக்குக் கை கூடை மாற, பாட்டு உச்சத்துக்குப் போனது. கொத்தனார் மண்வெட்டியை வைத்துவிட்டுப் பூச்சுக் கரண்டியால் சுரண்டினார்.

"பாருங்கய்யா, ரசமட்டத்துக்கு பக்தி முத்திப்போச்சு!" என்றார் கூடை வாங்க வந்த ஒருவர்.

மனைவி பக்கத்தில் குந்தியிருந்தாள். மடியில் புது வெள்ளைத்துணி. ஒவ்வொரு கரண்டி மண்ணையும் விரலால் உதிர்த்துப் பார்த்துவிட்டுத்தான் கூடைக்கு விட்டாள். வேர், ஓட்டாஞ்சில்லு, நத்தைக் கூடு. இடுப்பளவு ஆழத்தில் இறுகிய செம்மண் தட்டியது. யாரும் ஒருபோதும் வெட்டியிராத மண், புதைத்த குழியின் அடி வந்துவிட்டது என்று அவர் கைக்குத் தெரிந்தது.

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"துணி சுத்தித்தானே வச்சீங்க? அதுகூடவா இல்ல?"

"எல்லாம் மண்ணாப் போயிடுச்சும்மா."

அவள் சட்டென்று எழுந்து வாசலைப் பார்த்தாள்.

"அப்ப அவன் எந்தக் கூடையில போனான்?"

வாசல் பள்ளம் நிரம்பியிருந்தது. பேராயரின் காரை அதன்மேல் முன்னும் பின்னும் ஓட்டி மண்ணை அழுத்திக்கொண்டிருந்தார்கள்.