மப்ளர் போட்ட மாப்பிள்ளை

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் நான். ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் ஒரு சாக்குத் தேயிலை பறித்துவிடலாம். ஆனால் அந்தப் போட்டோ இன்னும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, என்னையும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஆளாளுக்குக் கதை சொல்லி வாய் வலித்துவிட்டது. இனிமேல் படித்துக்கொள்ளட்டும்.

தேயிலை விலை விழுந்து கிடந்த சமயம் அது. நீலகிரி மலையில் நடுவட்டம் என்கிற ஊரில் எங்களுக்குச் சின்னத் தோட்டம். பாதி நாள் ஃபாக்டரியில் இலை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். பறித்த இலை சாக்குக்குள்ளேயே சூடேறிக் கறுத்துவிடும். கூட்டாளிகள் பலர் திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். நான் ஏறவில்லை. தோட்டத்தின் மேல் பாசமெல்லாம் இல்லை, அந்த வெயில் நமக்கு ஆகாது.

இப்படிப்பட்டவனுக்கு, மலைக்குக் கீழே சமவெளியில் யார் பெண் கொடுப்பார்கள்? மலை என்றதுமே இரண்டு இடம் தட்டிப்போனது. மூன்றாவதாக அன்னூர் அத்தை ஓர் இடம் பிடித்துவிட்டு, ரோட்டுக் கடைக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிடச் சொன்னாள்.

"பொண்ணுக்கு மலை மேல ஆசைதான் சாமி. அவங்கப்பாதான் யோசிக்கறாரு. ஸ்டுடியோவுல நல்லதா ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. இதையும் உட்டா எனக்குப் போய்க் கேக்கறதுக்கு வேற ஊடு இல்ல."

பெண்ணின் போட்டோவை அத்தை முன்னமே அனுப்பியிருந்தாள். அதைப் பார்த்ததிலிருந்து நான் தினமும் தலை சீவிக்கொண்டிருந்தேன். ஆகவே இது விளையாட்டு இல்லை.

ரோட்டோரம் பஞ்சர் கடை வைத்திருந்த கூட்டாளியைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு ஊட்டி ஸ்டுடியோவுக்குப் போனேன். போட்டோக்காரர் ஆணியில் மாட்டியிருந்த கறுப்புக் கோட்டை எடுத்து நீட்டினார்.

"போட்டுக்குங்க தம்பி. மாப்பிள்ளை போட்டோன்னா எல்லாரும் இதுலதான் எடுக்கறாங்க."

கூட்டாளி என் காதில் சொன்னான். "டேய், நம்மூர்ல இந்தக் கோட்டுல எடுத்த ஒருத்தனுக்கும் இன்னும் கல்யாணம் ஆகல."

கோட்டு மறுபடி ஆணிக்குப் போனது. வேட்டி சட்டையில் உட்கார்ந்து பார்த்தேன். மார்கழிக் குளிரில் பல் தந்தியடித்தது.

"ஆடாதீங்க தம்பி."

"நான் எங்கீங்க ஆடறேன், பல்லுதானுங்க ஆடுது."

கடைசியில் பையிலிருந்த என் புது மெரூன் ஸ்வெட்டரை எடுத்தேன். எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் போகிற பெண்களே பட்டுப் புடவைக்கு மேல் ஸ்வெட்டர்தான் போடுவார்கள். புது ஸ்வெட்டர்தான் எங்களுக்குப் பட்டு. கூட்டாளி தன் கழுத்திலிருந்த மஞ்சள் கட்டம் போட்ட மப்ளரைக் கழற்றி, என் தலையோடு காதை மூடிச் சுற்றி, முடிச்சுப் போட்டு, தள்ளி நின்று பார்த்தான்.

"இப்பத்தான்டா எஸ்டேட் மேனேஜராட்டம் இருக்க."

நானும் அப்படித்தான் நினைத்தேன். போட்டோ அன்னூருக்குப் போனது. மறு வாரமே கடைக்குப் போன் வந்தது.

"ஏஞ்சாமி, உனக்கு இழுப்பு நோவு ஏதாச்சும் இருக்குதா?"

"இல்லையே அத்தை."

"அப்பறம் எதுக்குப் போட்டோவுல காதக் கட்டிட்டு ஆஸ்பத்திரியில இருந்து வந்தவனாட்டம் குக்கி உக்காந்திருக்க? பொண்ணோட அப்பா நோவாளிப் பையன்னு முடிவே பண்ணிட்டாரு. நேர்ல பாத்துட்டு வேண்டாம்னு சொல்லிட்டு வரேன்னு கெளம்பிட்டாரு."

அன்னூர் வெயிலில் ஸ்வெட்டர் போடுகிறவன் நோயாளி மட்டும்தான் என்பது என் மண்டையிலும் கூட்டாளி மண்டையிலும் ஏறவே இல்லை.

இந்த முறை உடுப்பில் ஏமாறக் கூடாது என்று அரைக்கைச் சட்டை ஒன்றை மட்டும் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி பஸ் ஸ்டாப்பில் நின்றேன். பனிமூட்டம். பஸ் லேட். அத்தையோடு வந்த பெண்ணின் அப்பா படியில் கால் வைத்ததும் நான் கும்பிட்டேன். கும்பிட்ட கையோடு அடுக்கடுக்காகத் தும்மினேன். அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை பஸ் டயரைப் பார்த்தாள்.

வீட்டுக்குக் கூட்டி வந்து டீ கொடுத்தோம். மனுஷன் மெல்லிசு வேட்டி சட்டை, தோளில் ஒரு துண்டு, அவ்வளவோடு வந்திருந்தார். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் அது தட்டில் கடகடவென்று அடித்தது. அம்மா எனக்காக எடுத்து வந்த ஸ்வெட்டரையும் கூட்டாளியின் மப்ளரையும் நான் அவரிடம் கொடுத்தேன். வேண்டாம் என்று ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. ஸ்வெட்டருக்குள் நுழைந்து, மப்ளரைக் காதோடு சுற்றி முடிச்சும் போட்டுக்கொண்டார்.

அச்சு அசல் என் போட்டோ. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அது என்றைக்கு வந்திருக்கிறது?

"ஏனுங்க, உங்களுக்கு ஒடம்புக்கு என்னங்க?"

அத்தை என் தொடையைக் கிள்ளினாள். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒடம்புக்கு ஒண்ணுமில்லீங்க தம்பி. குளுருதுங்க."

"போட்டோவுலயும் அதேதானுங்க."

என்னைப் பார்த்தார். குனிந்து தன் மேலிருந்த மெரூன் ஸ்வெட்டரைப் பார்த்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. குளிரில்தான் நடுங்குகிறார் என்று அம்மா வென்னீர் வைக்க ஓடினாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது அத்தையிடம் சொன்னார். "பொண்ணுக்கு நாலு ஸ்வெட்டரு எடுத்துக் குடுத்துத்தான் அனுப்போணும் போலீங்க."

தை கடைசியில் கல்யாணம். மாமனார் அன்றைக்குப் போட்ட உருப்படிகளைக் கழற்றாமலே பஸ் ஏறியவர்தான். அன்னூரில் விடியக்காலம் பால் கறக்கப் போகும்போது இப்போதும் அதுதான் உடுப்பு என்கிறாள் என் வீட்டுக்காரி. அந்த ஊர்க்காரர்கள் அவருக்கு என்ன நோவு என்று விசாரிக்கிறார்களாம்.

இதையெல்லாம் எழுதி, பஞ்சர் கடையில் உட்கார்ந்து கூட்டாளிக்குப் படித்துக் காட்டினேன். டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே முழுக்கக் கேட்டான். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"உனக்குப் பொண்ணு வந்துருச்சு, என்ற மப்ளரு எப்படா வரும்?"