சீல் பேன் மேல் விழுந்த சந்தேகம்

2024 நவம்பர் 12, செவ்வாய். வேலை முடிந்து சைக்கிளில் வீடு திரும்பி, குளிரில் வாசலுக்கு வெளியே நின்றே உடை மாற்றினேன். மனைவி சுமதி கதவிடுக்கு வழியாக லுங்கியை நீட்டினாள். இரண்டு நாளாக இதுதான் நடைமுறை. நெதர்லாந்தின் வடகரையில், நோயுற்ற சீல்களுக்கான, அதாவது கடல்நாய்களுக்கான, மருத்துவமனையில் துண்டுகள் துவைக்கிறேன். ஞாயிறன்று மகள் யாழினி தலையில் பேன் தென்பட்டது.

"ஏனுங்க, கடல்நாய்ப் பேன ஊட்டுக்கே கொண்டாந்துட்டீங்க. அந்த வேலைய உட்டுப்போடுங்க."

பல மாத அலைச்சலுக்குப் பின் கிடைத்த வேலை. பராமரிப்பாளர் ஆனெக்கேயிடம், சீல் பேன் மனிதர் தலையில் ஏறுமா என்று கேட்டிருந்தேன். என் வழுக்கையைப் பார்த்து, "உங்களுக்கு என்ன பயம்?" என்று சிரித்தாள். விஷயத்தை மறைக்கிறாளோ என்றிருந்தது. பிறகு பொறுமையாகச் சொன்னாள்: கொக்கி போன்ற நகங்களால் ரோமத்தைப் பற்றிக்கொண்டு ஆழ்கடலுக்குள்ளும் அந்தப் பேன் சீலோடு கூடவே போகும், ஆனால் சீல்கள் கரையேறி ஒட்டிப் படுக்கும்போதுதான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும், பெரும்பாலும் தாயிடமிருந்து குட்டிக்கு. மனித ரத்தத்தில் அது பிழைக்காது.

நான் முழுதாக நம்பவில்லை. ஊரில் மண்ணரைப் பகுதியில் பனியன் கம்பெனியில் துணியைச் சோதிக்கும் செக்கிங் வேலையில் இருந்தபோது, கம்பெனி விடுதியில் பேன் என்றால் தென்மாவட்டப் பெண்களைத்தான் எல்லோரும் கைகாட்டுவார்கள். துணியில் ஓட்டை விழுந்தால் மட்டும் அப்படி யாரையும் கைகாட்டிவிட முடியாது. இரண்டு துணிப் பீஸை அருகருகே வைத்து லென்ஸில் பார்த்த பிறகே, தவறு தையல் ஊசியுடையதா, சாயப்பட்டறையுடையதா என்று சொல்வோம். அந்த லென்ஸ் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்தச் செவ்வாயன்று மருத்துவமனையிலிருந்து ஒரு சீல் பேனை டேப்பில் ஒட்டி, டப்பாவில் அடைத்துக் கொண்டுவந்திருந்தேன். யாழினி தலையில் எடுத்ததைப் பக்கத்தில் ஒட்டினேன். சுமதி குனிந்து லென்ஸில் பார்த்தாள்.

"இதுக்கு ஒடம்பெல்லாம் முள்ளு முள்ளா இருக்குதுங்க. நம்ம புள்ளையோடது மொழுக்குன்னு இருக்குது."

அப்போதுதான் இருவருக்கும் தீபாவளி இரவு நினைவுக்கு வந்தது. அன்று எங்கள் வீட்டுக்கு வந்த, இந்த ஊரிலேயே வசிக்கும் தூத்துக்குடிக் குடும்பத்துச் சிறு பெண்ணும் யாழினியும் ஒரே பாயில் தலையோடு தலை ஒட்டித் தூங்கினார்கள்.

"அப்ப அவிககிட்ட இருந்துதானுங்க வந்திருக்கோணும்."

"நம்மகிட்ட இருந்தும் போயிருக்கலாம்" என்றேன். இந்த ஊரில் வேறு எந்த வீட்டுப் பிள்ளையோடும் எங்கள் பிள்ளை அப்படிப் படுத்ததில்லை.

மறுநாள் காலை எழுந்ததும் சுமதி முதலில் அந்தப் பெண்ணின் அம்மாவுக்குத்தான் போன் போட்டாள். விசாரிக்கும் குரலில்தான் தொடங்கினாள். மறுமுனை முந்திக்கொண்டது: "நானே கேக்கணும்னு இருந்தேன்க்கா. ஒங்க வீட்டுக்காரரு அந்தக் கடல்நாய் ஆஸ்பத்திரிலதான இருக்காரு?"

சுமதி என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பேனு மனுசரை அண்டாதுங்க. இது நம்முளுதுதானுங்க. சனிக்கிழமை புள்ளையக் கூட்டிட்டு வாங்க, ரெண்டு பேருக்கும் ஒண்ணா உக்கார வெச்சு வாரிப்போடலாம்."