கால் என்ன நிறம்

சுக்மதி அன்று கோசி ஆற்றங்கரைக்குப் போனது நத்தை பொறுக்கத்தான். மாமியாருக்குக் காலையிலிருந்தே நத்தைக் குழம்பு ஆசை. ஓடையோரம் சேற்றில் துழாவிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது, எதிரே காய்ந்த புல்திட்டில் ஆள்காட்டிக் குருவிகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே ஒன்று மட்டும் வேறு மாதிரி. உருவம் ஆள்காட்டிதான். ஆனால் தலையில் கறுப்புத் தொப்பி, கண்ணுக்கு மேலே அகலமாக ஒரு வெள்ளைப் பட்டை. பிறந்ததிலிருந்து இந்த ஆற்றோடு கிடப்பவள் அவள். அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

வேறு எவளாக இருந்தாலும் நத்தைக் கூடையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டியிருப்பாள். சுக்மதிக்கு வாய்த்த புருஷன் அப்படி. ராம்லகன் கோசியில் பறவை பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வழிகாட்டியாக இருந்தவன். கல்யாணமான புதிதில், விடியும் முன்பே தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறவனைப் பார்த்து அவள் கேலி செய்வாள். “சுடவும் மாட்டீங்க, பிடிக்கவும் மாட்டீங்க, திங்கவும் மாட்டீங்க. சும்மா பார்த்துட்டு வர்றதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?” பிறகு வெளிநாட்டுக்காரர்கள் வருவது குறைந்தது. அவன் வேலை பார்த்த விடுதியில் ஆளைக் குறைத்தார்கள். ராம்லகன் கத்தாருக்குக் கட்டட வேலைக்குப் போனான். தொலைநோக்கி சுவரில் தொங்கியது. “மணலைப் பார்க்கறதுக்கு அது எதுக்கு?” என்று விட்டுவிட்டுப் போயிருந்தான்.

அன்று வெள்ளிக்கிழமை, அவனுக்கு விடுமுறை. வீட்டுக்கு வந்ததும் கூடையைக்கூட இறக்காமல் போன் போட்டாள்.

“எவ்வளவு பெருசு?” என்றான் எடுத்த எடுப்பில்.

“ஆள்காட்டி அளவுதான். ஒரு சுத்து சின்னது.”

“மூஞ்சில மஞ்சளா, சிவப்பா சதை தொங்குச்சா?”

“ஒண்ணுமில்ல. சுத்தமா இருந்துச்சு. உங்களைவிட லட்சணம்.”

“வாயி மட்டும் குறையல உனக்கு. சரி, கால் என்ன நிறம்?”

சுக்மதி யோசித்தாள். “புல்லுக்குள்ள நின்னுச்சுங்க. காலை யாரு பார்த்தா?”

“அடிப்பாவி! எல்லாத்தையும் பார்த்துட்டு காலை விட்டுட்டியே. கால்தான்டி விஷயமே.”

“அவ்வளவு அக்கறைன்னா வந்து நீங்களே பாருங்க.”

விளையாட்டாகச் சொன்னதுதான். அந்தப் பக்கம் யாரோ இருமுவது கேட்டது. அவன்தான் மறுபடி பேசினான்.

“தொலைநோக்கியை எடுத்துட்டுப் போ, சுக்கி. கால் மட்டும் கறுப்பா இருந்துச்சுன்னா, நானே இதுவரைக்கும் பார்க்காத பறவை அது.”

“பேரு என்ன?”

“முதல்ல காலைப் பாரு. அப்புறம் சொல்றேன்.”

மறுநாள் போனாள். பறவை இல்லை. அதற்கடுத்த நாள் வெயில் ஏறுகிற நேரத்தில் அதே திட்டில் நின்றது. பழக்கமில்லாததால் தொலைநோக்கிக்குள் முதலில் வானம்தான் தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். புல் விலகிய இடத்துக்கு நாலு எட்டு ஓடிவந்து நின்றது பறவை. கறுப்பு. கரியில் முக்கி எடுத்த மாதிரி சுத்தக் கறுப்பு.

கரையிலிருந்தே போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். எடுத்தது வேறு குரல். அறையில் கூடத் தங்கியிருந்த ஆள்.

“அண்ணே, அவரு இல்லையா? வந்ததும் சொல்லிடுங்க, கால் கறுப்புன்னு. அவருக்குப் புரியும்,” என்றாள் மூச்சிரைக்க.

அந்த ஆள் குரலைத் தணித்துக்கொண்டான். “வீட்டுல பெரியவங்க யாராவது பக்கத்துல இருக்காங்களாம்மா?” என்று கேட்டான்.

இரவு வேலை முடிந்து வந்து படுத்த ராம்லகன் எழுந்திருக்கவில்லை. முப்பது வயதுக்காரன், தூக்கத்திலேயே போய்விட்டான். பெட்டி வந்து சேர வாரக்கணக்கானது. அதே கோசிக் கரையில்தான் எரித்தார்கள்.

மாமியார் ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: “கிடைச்ச ஒரு லீவு நாள்லயும் பறவை பறவைன்னு அவன் உசிரை வாங்கினியே. நிம்மதியா தூங்க விட்டியா அவனை?” தனக்குள் அதையேதான் சுக்மதியும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு, வெள்ளைச் சேலையோடு விடுதிக்குப் போனாள். ராம்லகனோடு வேலை பார்த்த டம்பர் இன்னும் அங்கே இருந்தான். அவளைப் பார்த்ததும் பதறி நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை. பார்த்ததை எல்லாம் சொன்னாள். அவன் பறவைப் படப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். ஒரு பக்கத்தில் அவளே விரலை வைத்துவிட்டாள்.

“அண்ணி! நல்லாப் பார்த்தீங்களா? இது ரொம்பத் தூரத்துலேர்ந்து வர்ற ஜாதி. கூட்டமா வாழுற ஆள்காட்டின்னு பேரு. வழி தவறி எப்பவாவது ஒண்ணு இந்தப் பக்கம் வரும். படம் ஏதும் எடுத்தீங்களா?”

“இல்ல.”

“படம் இல்லேன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்களே அண்ணி.”

“ஒத்துக்க வேணாம். அவரு மனசுல நினைச்சதும் இதானா? அதை மட்டும் சொல்லுங்க.”

டம்பர் புத்தகத்தை மூடினான். “கால் கறுப்பான்னு கேட்டார்னா இதேதான் அண்ணி. இதைப் பார்க்கணும்னு என்கிட்டயும் சொல்லிட்டே இருப்பாரு.”

வீடு வந்தபோது மாமியார் எருமைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தாள். எங்கே போய் வருகிறாய் என்று கேட்டாள். சுக்மதி மறைக்கவில்லை, சொன்னாள். திட்டு விழும் என்று நின்றாள்.

“அவன் அதைப் பார்த்ததே இல்லையா?” என்றாள் கிழவி.

“இல்ல அத்தை.”

“நீ பார்த்தியா? நல்லாப் பார்த்தியா?”

“பார்த்தேன்.”

கிழவி புல்கட்டைப் பிடித்தபடியே மண்ணில் உட்கார்ந்தாள். “என் பிள்ளை பார்க்கலையே,” என்றாள். அவள் உடம்பு குலுங்கியது. சுக்மதியும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். எருமை கழுத்தை நீட்டி, கிழவியின் கையிலிருந்த புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவித் தின்றது.