பிக்கப்புல ரெண்டு யானை

எங்க குடை ராட்டினத்துல பத்துக் குதிரை, ரெண்டு யானை. குதிரை மரம். யானை இரும்புத் தகடு. ஒரு யானையத் தூக்க நாலு ஆள் வேணும். நானும் எம் பொண்டாட்டியும் திருவிழாத் திருவிழாவாப் போயி ராட்டினத்த நட்டுச் சுத்துவோம். இருபது வருஷத்துக்கு மேல அதுதான் பொழப்பு.

மொதல்ல டிராக்டர வாடகைக்குப் பேசித்தான் போவோம். டிரைலர்ல எல்லாத்தையும் ஏத்தி, யானை ரெண்டையும் முன்னாடி நிறுத்திக் கட்டுவேன். மூஞ்சி ரோட்டப் பாத்து இருக்கணும். ஊருக்குள்ள நொழையிறப்ப யானைதான் மொதல்ல தெரியணும். அது எங்க வழக்கம். ஊர் எல்லையில நிறுத்தி, அவ அதுக நெத்தியில சந்தனம் வச்சு, ஆளுக்கு ஒரு முழம் பூ சுத்தி விடுவா. அதப் பாத்துட்டுப் பிள்ளைக பின்னாலயே ஓடி வரும். மைக்கு வேண்டியதில்ல, நோட்டீசு வேண்டியதில்ல.

அவ ஒரு யானை மேல ஒக்காந்து வருவா. மடியில அரிசிப் பானை. நான் டிரைவர் பக்கத்துல மட்கார்டுல. குன்றாண்டார்கோவில் பக்கம் போறப்ப காத்து நல்லா அடிக்கும். அவ ஏதாச்சும் பேசிக்கிட்டே வருவா. எஞ்சின் சத்தத்துல பாதி கேக்காது. எல்லாத்துக்கும் தலையாட்டுவேன். இப்ப நெனச்சாலும் அந்தப் போக்குவரத்து நல்லாத்தான் இருந்துச்சு.

அப்பறம் டிராக்டர் கெடைக்கிறது கஷ்டமாச்சு. உழவு நேரத்துல கூப்பிட்டா வரமாட்டாங்க. பழைய பிக்கப் ஒண்ணு வாங்கினோம்.

ராட்டினத்தோட நடுக்கம்பம் பதினாறு அடி. பிக்கப்புல அடங்காது. புதுக்கோட்டையில ஒரு பட்டறையில டிரைலர் செய்யச் சொன்னேன். பின்னாடி கொக்கியில மாட்டுற டிரைலர் இல்ல இது. முன்பக்கம் கழுத்து மாதிரி மேல வளைஞ்சு வந்து, பிக்கப் பாடிக்குள்ள, பின் சக்கரத்துக்கு நேர் மேல ஒரு தட்டுல ஒக்காரும். பட்டறைக்காரர் எதையோ போன்ல பாத்து வரைஞ்சு வச்சிருந்தார். வண்டி எவ்வளவு தாங்கும்னு கேட்டார். ஆயிரத்து எரநூறு கிலோன்னேன். டிரைலர் பாரம் எவ்வளவு வரும்னு கேட்டார்.

"அத டிரைலர் சக்கரம் தாங்கிக்கும். வண்டி இழுக்கத்தான போகுது"ன்னேன்.

அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் காது குடுக்கல. அவருக்கும் வேலை நெறைய. விட்டுட்டார்.

அது என் தப்பு. மாட்டு வண்டியில முன்பாரம் ஏறினா மாட்டுக் கழுத்து அமுங்கும். எனக்கும் தெரியும். எங்கப்பா வண்டிக்கு எத்தனையோ தடவ மூட்டைய நகத்தி வச்சிருக்கேன். டயரும் டீசலும் வந்ததும் அது மறந்து போச்சு.

யானை ரெண்டையும் வழக்கம் போல முன்னாடியே ஏத்தினேன், அந்தக் கழுத்துக்கு மேலயே. பிக்கப் பாடியில மிச்சமிருந்த எடத்துல ஜெனரேட்டர், அடுப்பு, பானை, படுக்கை. வண்டி பின்னாடி எறங்குச்சு. பின் ஸ்பிரிங்ல பட்டை ஒண்ணு சேத்துப் போட்டேன். நிமிந்துச்சு. அம்புட்டுதான், சரியாப்போச்சுன்னு நெனச்சேன்.

வல்லத்திராக்கோட்டையில திருவிழா முடிஞ்சு கறம்பக்குடிப் பக்கம் கெளம்பினோம். மறுநாள் அங்க காப்புக் கட்டு. வழியில ஒரு வளைவு. ஸ்டீயரிங்க ஒடிச்சேன். வண்டி ஒடியல. நேராப் போயி முந்திரிக் காட்டு ஓரத்து மணல்ல நின்னுச்சு. யாருக்கும் ஒண்ணுமில்ல.

அவ எறங்கி ஒரு சுத்து சுத்தி வந்தா. பாரமில்லாம லேசா நின்ன முன் டயரப் பாத்தா. அமுங்கிக் கெடந்த பின் டயரப் பாத்தா.

"டிரைலர்ல முன்பாரங்க. இது மாடா இருந்தா இந்நேரம் படுத்திருக்கும்."

எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

காட்டுல வேலை செஞ்சவங்களக் கூப்பிட்டு யானைய எறக்கி டிரைலரோட கடைசியில ஏத்தினோம். நடுவுல கம்பமும் ராட்டினத்தோட கைச்சட்டமும் கெடந்துச்சு, அங்க எடமில்ல. அதுல ஒருத்தர், யானை பின்னாடி பாத்துக்கிட்டுப் போனா ஊரு என்னத்துக்கு ஆகும்னு கேலி பண்ணினார். ஒரு மைல் போயிருக்க மாட்டோம். டிரைலர் இங்கிட்டும் அங்கிட்டும் ஆட ஆரம்பிச்சுச்சு. ஆட்டம் வண்டியையும் சேத்து இழுத்துச்சு. முன்னாடி வச்சா வண்டி அமுங்குது, பின்னாடி வச்சா வாலு ஆடுது.

உருட்டிக்கிட்டே போயி, தைலமரம் ஏத்துற டெப்போ ஒண்ணுல நிறுத்தினேன். அங்க எடைமேடை இருந்துச்சு. லோடு ஆளுங்க யானைய மறுபடி முன்னாடி தூக்கி வச்சாங்க. எடைக்காரர் வெவரமானவர். பிக்கப்போட நாலு சக்கரத்த மட்டும் மேடையில ஏத்தச் சொன்னார். டிரைலர் சக்கரம் வெளிய நின்னுச்சு. சீட்டுல மூவாயிரத்து எரநூத்து நாப்பது வந்துச்சு. ஆர்.சி. புக்க வாங்கிப் பாத்தார். வண்டியோட சேத்து மொத்தமே ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரந்தான் போகலாம்.

"யானைய எறக்குங்க, பாப்போம்"னார். எறக்கிட்டு வண்டிய மறுபடி மேடையில ஏத்தினேன். ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்து.

"அண்ணே, பத்துக் கிலோவ விடுங்க, சாமானெல்லாம் சரியாத்தான் இருக்கு. ரெண்டு யானைதான் கூடுதல்."

லோடு ஆளுங்க சிரிச்சாங்க. நானும் சிரிச்சு வச்சேன்.

ஒத்த யானையக் கொண்டு போக முடியாது. எதிரும் புதிருமா ரெண்டு இருந்தாத்தான் ராட்டினம் சாயாம சுத்தும். ஜெனரேட்டர விட்டா ராட்டினமே சுத்தாது. ரெண்டு நடை அடிக்க அன்னைக்குப் பொழுது இல்ல. அடுப்பு, பானை, படுக்கைய எறக்கிப் பாத்தோம். அம்பது கிலோ கூட கொறயல.

நான் யானைக்கிட்டயே நின்னேன். அவ பக்கத்துல வந்தா.

"சாமானத் தூக்கிக்கிட்டு நான் பஸ்ல வாரேங்க. யானை வரட்டும்."

அவ எடை என்ன, நாப்பத்தஞ்சு கிலோ. அவ எறங்கினாலும் பத்தாது. அது அவளுக்கும் தெரியும், சீட்ட அவளும் பாத்தா. பத்தியிருந்தாலும் நான் அவள எறக்கி விட்டிருக்க மாட்டேன். அத வாய்விட்டுச் சொல்லல.

"ஏறு புள்ள"ன்னேன்.

யானை ரெண்டையும் டெப்போவுல புளியமரத்தடியில நிறுத்தினோம். எடைக்காரர் பாத்துக்கிறேன்னார். அவ அடுப்புச் சாமான்ல இருந்து எண்ணெய எடுத்து, துரு ஏறுன எடமாப் பாத்துத் தடவிட்டு வந்து ஏறினா. வளைவுல ஸ்டீயரிங்க ஒடிச்சேன். வண்டி ஒடிஞ்சுச்சு.

அந்த ஊருக்குள்ள குதிரையோட மட்டும் நொழைஞ்சோம். பிள்ளைக ஓடி வந்துச்சுக. குதிரையில ஏறிச்சுக, எறங்குச்சுக. யானை இருந்த எடத்துல ரெண்டு பலகை கட்டியிருந்தேன். அதுலயும் ஏறிச்சுக. யானை எங்கன்னு ஒரு பிள்ள கேக்கல. கேக்கும், என்ன சொல்றதுன்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டுப் போனேன்.

திருவிழா முடிஞ்சு திரும்பறப்ப டெப்போவுக்குப் போனோம். லோடு ஆளு ஒருத்தர் யானை மேல ஒக்காந்து தூக்குச்சட்டியில சோறு தின்னுக்கிட்டு இருந்தார். எங்களப் பாத்ததும் எறங்கப் போனார். எறங்க வேண்டாம்னேன். எப்ப எடுத்துக்கிறீங்கன்னு எடைக்காரர் கேட்டார்.

"இருக்கட்டும்"னேன். அவ என்னப் பாத்தா.

பலகைய எடுத்துட்டு ஃபைபர் வாத்து ரெண்டு வாங்கி மாட்டினோம். ஒத்தக் கையில தூக்கலாம். பிள்ளைகளுக்குப் புடிச்சிருக்கு.

யானை ரெண்டு வருஷம் அங்கதான் நின்னுச்சு. அப்பறம் ஏதோ பள்ளிக்கூடத்துல கேட்டு, வெளையாட்டு எடத்துல வைக்கக் கொண்டு போனதா எடைக்காரர் போன்ல சொன்னார். சரின்னேன். எந்த ஊருன்னு கேக்கத் தோணல. போன வச்சதுக்கு அப்பறந்தான் தோணுச்சு. திரும்பக் கூப்பிடல.

இப்பவும் போறோம், வாறோம். வழியில பள்ளிக்கூடம் வந்தா கொஞ்சம் மெதுவாப் போவேன். அவ ஏன்னு கேக்கிறதில்ல. அவளும் அந்தப் பக்கந்தான் பாத்துக்கிட்டு வருவா.