கோமளா மிஸ் ஜன்னலில் வைக்காத டஸ்டர்

கோமளா மிஸ் போய்ட்டாங்க. காலையில் பிரேயர் முடியிற நேரத்தில் அவங்க வீட்டுக்காரர் எங்க ஹெட்மாஸ்டருக்கு போன் செய்தார். ஹார்ட் அட்டாக்... கோலார் ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே.

மதியம்தான் ஸ்கெலட்டன் ஏரியாவில் இருக்கிற அவங்க வீட்டுக்குக் கொண்டு வருவாங்களாம். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருக்கேன். போனில் இதை டைப் பண்றேன்.

இந்த பிரைமரி ஸ்கூலில் சேர்ந்ததிலிருந்து நாங்க பக்கத்துப் பக்கத்து கிளாஸ். அவங்க ஒண்ணாம் கிளாஸ், நான் ரெண்டாம் கிளாஸ்.

எங்க ஸ்கூலில் ஒரு பழக்கம் உண்டு. பாடம் எடுக்கிற டீச்சருக்கு முடியலைன்னா டஸ்டரை ஜன்னலில் வைக்கணும். தலைவலியோ, வீட்டுக் கவலையோ, சும்மா அழுகை வந்தாலும் சரி. பார்க்கிற யாராவது வந்து கிளாஸை வாங்கிப்பாங்க. ஏன்னு கேட்கக் கூடாது. ஆரம்பிச்சது கோமளா மிஸ்தான்.

ஹெட்மாஸ்டர் புதுசா வந்தப்போ இதைப் பார்த்து முறைச்சார். மிஸ் அசரவே இல்லை. "சார், எங்கப்பாவுக்கு தங்கச் சுரங்கத்து ஷாஃப்ட்ல பெல்லு பாக்கற வேலை. கீழேர்ந்து பெல்லு வந்துச்சின்னா மொதல்ல ஆளுங்க இருக்கற கேஜை மேல தூக்குவாங்க. இன்னா ஆச்சுன்னு அப்பாலதான் கேப்பாங்க."

ஒரு தடவை டஸ்டரைத் துவைச்சு, நினைப்பே இல்லாம ஜன்னலில் காய வெச்சுட்டேன். சுத்தி இருந்த டீச்சருங்க எல்லாரும் கிளாஸை விட்டுட்டு ஓடி வந்துட்டாங்க. ஸ்கூலே சந்தைக்கடை ஆயிடுச்சு. வந்தது வந்துட்டோம், நீ போய் ஒரு டீ குடிச்சிட்டு வான்னு மிஸ் என்னைத் துரத்தி விட்டாங்க.

ஆனா அவங்க ஜன்னலில் ஒரு நாளும் டஸ்டர் இருந்ததில்லை.

வர்ற வெள்ளிக்கிழமை பங்காருபேட்டையில் டீச்சர்ஸ் ட்ரெய்னிங். எல்லா ஸ்கூல் டீச்சர்களும் பார்க்க ஒரு மாடல் கிளாஸ் எடுக்கணும். அதுக்கு என் பேரைக் கொடுத்தது மிஸ். நான் கூழாங்கல் வெச்சுக் கழித்தல் சொல்லித் தர்றதை மத்தவங்களும் பார்க்கணுமாம்.

பெரியவங்க முன்னாடி நின்னா எனக்கு நாக்கு ஒட்டிக்கும். மாட்டவே மாட்டேன்னு அடம் பிடிச்சேன்.

"நான் கதவாண்ட நிக்கறேன் வசந்தி. நீ டஸ்டரை வெச்சா உள்ள வந்துடறேன்."

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் சரின்னேன்...

பசங்களை உடனே வீட்டுக்கும் அனுப்ப முடியலை. பாதிப் பேரோட அப்பா அம்மா விடிகாலை ட்ரெய்னில் பெங்களூருக்கு வேலைக்குப் போயிருப்பாங்க. ரெண்டு கிளாஸையும் சேர்த்து என்னைப் பார்த்துக்கச் சொன்னார் ஹெட்மாஸ்டர்.

மிஸ் ஏன் வரலைன்னு ஒண்ணாம் கிளாஸ் குழந்தைங்க கேட்டுதுங்க. மேஜை மேல் இருந்த அவங்க டஸ்டரை எடுத்து ஜன்னலில் வெச்சேன்.

வந்தது ஹெட்மாஸ்டர். ஒண்ணுமே கேட்கலை. சாக்பீஸை எடுத்து போர்டில் ஒரு யானை வரைய ஆரம்பிச்சார். நான் குழாயடிக்குப் போய் அழுதேன். சார் இன்னும் உள்ளேதான் இருக்கார்.

வெள்ளிக்கிழமை போவேனான்னு தெரியலை மிஸ். பயம் அப்படியே இருக்கு. கதவாண்ட நீங்க இருக்க மாட்டீங்க.

உங்க டஸ்டரை ஜன்னலில் இருந்து எடுத்து என் பையில் வெச்சிருக்கேன். போய்ட்டு வாங்க.